கதவில் எழுதிய எண்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்காகவும் தண்ணீருக்காகவும் கூலிக்காகவும் மும்பைக் குடிசைப் பகுதி மக்கள் தாங்களே கூடி நடத்திவரும் முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியாக வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களில் பலருக்கு மேல்முறையீடு நடந்துகொண்டிருப்பதால், பெயர்களை விட்டுவிட்டு வசிக்கும் இடத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாக ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழ்த்தளம் வேறொருவருடையது. கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் எண் எழுதிவிட்டுக் காகிதங்களைக் கேட்டார்கள். கொடுத்தால் அதை வைத்தே நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று என் மகன் தடுக்கிறான். கொடுக்கலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, 90 அடிச் சாலை, தாராவி

பதில்: கொடுங்கள் அம்மா. ஆனால் அசலைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுத்து, எந்தெந்தக் காகிதம் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, வந்தவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அந்த மறுப்பையும் தேதி, நேரத்தோடு எழுதி, பக்கத்து வீட்டார் இருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் அச்சம் வீண் அச்சமன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக அறிவிக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் வீடு. அதற்கும் பின் வந்தவர்களுக்கும், உங்களைப் போல மாடியில் இருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15 வரை அங்கே இருந்ததற்குச் சான்று இருந்தால், வாடகைக்குக் கொடுத்துப் பிறகு சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில் வெளியே இடம். ஒரே ஏணியின் அடியில் நிற்பவருக்கு ஒரு நீதியும் உச்சியில் நிற்பவருக்கு வேறொரு நீதியும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாடியில் குடியிருப்பவர்கள் அதை எதிர்த்துக் கேட்பது முற்றிலும் சரியே. ஆனாலும் பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டு அதைக் கேட்க முடியாது. 'பாத்ர்' (தகுதியுள்ளவர்), 'அபாத்ர்' (தகுதியற்றவர்) என்ற இரண்டு மராத்திச் சொற்களும் தாராவித் தமிழில் இன்று வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டன. 'அபாத்ர்' என்று எழுதப்பட்டவருக்காவது மேல்முறையீடு உண்டு, எழுதப்படாதவருக்கு அதுகூட இல்லை.

இதை நான் வெறும் யோசனையாகச் சொல்லவில்லை, நகரத்தின் பழைய அனுபவம் இது. 1976-ல் மகாராஷ்டிர அரசு முதன்முறையாகக் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத்தினரின் படத்தோடு அட்டை கொடுத்தது. நம் பெரியவர்கள் 'போட்டோபாஸ்' என்று துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துக் காத்தது அதைத்தான். அந்தக் கணக்கெடுப்பில் நடைபாதையில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் சேர்க்கப்படவில்லை. 1981-ல் முதலமைச்சர் அந்துலே நடைபாதை வாசிகளை அப்புறப்படுத்தப் போவதாக அறிவித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1985 ஜூலையில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பாக முடிந்தது. உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முன்னறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும், 1976 கணக்கெடுப்பின் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அட்டை இருந்தவனுக்கு மாற்று இடம், இல்லாதவனுக்கு நோட்டீஸ் என்பதே அந்நாளில் நடைமுறையில் அதன் பொருள்.

அதே ஆண்டில் பைகுல்லா வட்டாரத்து நடைபாதைப் பெண்களோடு சேர்ந்து, 1984-ல் தொடங்கப்பட்டிருந்த ஸ்பார்க் என்ற அமைப்பு, சுமார் ஆறாயிரம் நடைபாதைக் குடும்பங்களைத் தானே எண்ணிப் பதிவு செய்தது. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், என்ன வேலை, எத்தனை முறை குடிசை இடிக்கப்பட்டது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். இவர்கள் நேற்று வந்தவர்கள், நாளை போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு எதிரே, பல்லாண்டுகளாக ஒரே சுவரோரத்தில் குடும்பம் நடத்தியவர்களின் கணக்கு எழுத்தில் வந்து நின்றது.

ஆகவே உங்கள் தெருவிலும் சொந்தமாக ஒரு நோட்டுப் போடுங்கள். நாற்பது பக்க நோட்டே போதும். அரசு எழுதிய கதவு எண், குடும்பத் தலைவர், தலைவியின் பெயர், வந்த ஆண்டு, கீழ்த்தளமா மாடியா, எந்தச் சான்று எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, யார் வீட்டில் ஆளில்லாததால் கணக்கெடுப்பு விட்டுப்போனது என்பவற்றை எழுதுங்கள். வேலைக்குப் போய்விட்டவர்களின் பூட்டிய கதவுகள்தான் எந்தப் பட்டியலிலும் முதலில் விட்டுப்போகும்.

கேள்வி: நான் சீட்டா கேம்ப்பில் பிறந்தவன், கல்லூரியில் படிக்கிறேன். என் தாத்தா அடிக்கடி 'ஜனதா காலனி' என்றும் 'ஜாக்கின் அண்ணன்' என்றும் சொல்வார். இப்போது அவருக்கு நினைவு தடுமாறுகிறது. நடந்தது என்ன என்று எழுத முடியுமா?
– ஒரு வாசகர், டிராம்பே

பதில்: தம்பி, உங்கள் தாத்தா சொன்னது ஜாக்கின் அற்புதத்தை. கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். 1963-ல் தச்சு வேலைக்காகப் பம்பாய் வந்து, தெருவில் படுத்துறங்கி, பிறகு மான்கூர்டுப் பக்கத்து ஜனதா காலனியில் ஒண்டியவர். அந்தக் காலனி திருட்டுத்தனமாக முளைத்ததன்று என்பதை நினைவில் வையுங்கள். நகரின் வேறு இடங்களிலிருந்து அகற்றியவர்களை மாநகராட்சியே கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. அங்கே குப்பை அள்ள ஆளே வராமல் இருந்தபோது, பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து ஊர்வலமாக அழைத்துப்போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தார் என்பது அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி. மறுநாளே வண்டி வந்துவிட்டதாம்.

பக்கத்தில் இருந்த அணுசக்தித் துறைக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. பல ஆண்டுகள் வழக்காடி, மனுக்கொடுத்து, சிறை போய்த் தடுத்துவைத்திருந்தார்கள். நெருக்கடி நிலை வந்தது. 1976 மே மாதம் காவலோடு வந்து, ஏறக்குறைய 70,000 பேர் வாழ்ந்த காலனியைக் காலி செய்து, மக்களை டிராம்பேயின் சதுப்பு ஓரத்தில் இறக்கினார்கள். அந்தச் சதுப்பு ஓரந்தான் நீங்கள் பிறந்த சீட்டா கேம்ப். இன்று அங்கே பள்ளியும் மசூதியும் கோயிலும் மாதா கோயிலும் நெருக்கியடித்து நிற்பதைப் பார்ப்பவருக்கு, சேற்றில் கல்லும் மண்ணும் கொட்டித் தரையை உண்டாக்கியவர்கள் உங்கள் தாத்தாவைப் போன்றவர்களே என்பது தெரியாது.

அற்புதம் 1974-ல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார். ஜனதா காலனியில் தோற்றதிலிருந்து அவர் கற்றுக்கொண்டதுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான சாதனை. இடிக்க வரும் வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்வது ஒரு நாளைக்கு உதவும். மறுநாள் வண்டி வரும்போது, இவர்களை எங்கே வைப்பது, எவ்வளவு செலவாகும், எத்தனை குடும்பம் என்ற கேள்விகளுக்கான விடை இடிக்க வருபவரிடம் இல்லாமல் நம்மிடம் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 1986-ல் 'மகிளா மிலன்' என்று திரண்டபோது, கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் அவர்களும் ஒன்றாக இயங்கத் தொடங்கினர். தினம் ஒரு பெண் வீடு வீடாகப் போய் ஐந்தோ பத்தோ வாங்கி அட்டையில் குறிப்பது வெறும் சேமிப்பு மட்டுமன்று. எந்த வீட்டில் காய்ச்சல், எவனுக்கு வேலை போயிற்று, எந்தக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்பதும் அந்த நடையில் தெரிந்துவிடும். பதினான்கு அடி உயரத்தில் பரண் வைத்த அறை வேண்டும் என்று வீட்டின் வடிவத்தையும் அந்தப் பெண்களே வகுத்தார்கள். பொதுக் கழிப்பறை கட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டு, வரிசையில் பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று சிறுபிள்ளைகளுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். இதை எந்தப் பொறியாளரும் யோசித்ததில்லை என்று நினைக்கிறேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தால்தானே யோசிக்க முடியும்.

அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் காலமானார். உங்கள் தாத்தாவின் நினைவு தெளிவாக இருக்கும் காலை வேளைகளில் கைப்பேசியில் அவர் குரலைப் பதிந்து வையுங்கள். காலனியில் எந்த வரிசையில் வீடு, பக்கத்தில் யார், எந்த லாரியில் ஏற்றினார்கள் என்று சிறு சிறு கேள்வியாகக் கேளுங்கள். 'என்ன நடந்தது' என்று மொத்தமாகக் கேட்டால் முதியவர்களுக்குச் சொல்ல வராது.

கேள்வி: அரசோடு உட்கார்ந்து கணக்குப் பேசுவது போராட்டமாகுமா? இடம்பெயர்த்தலை எளிதாக்கிக் கொடுக்கும் வேலை அல்லவா அது?
– ஒரு வாசகர், கல்யாண்

பதில்: உங்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. ரயில் பாதை ஓரத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டபோது, மக்களே எண்ணி, மக்களே பட்டியலிட்டதால் பெரும் கலவரமில்லாமல் அது நடந்தது. ஆனால் மான்கூர்டின் லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற இடங்களில் கட்டடங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதையும், கீழ்த்தளங்களில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருப்பதையும் பார்த்தவர்கள் அதை வெற்றி என்று சொல்லத் தயங்குவார்கள்.

மற்றொரு வழியும் இந்த நகரத்தில் இருந்தது. 2004–05 குளிர்காலத்தில் 80,000-க்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டபோது, மேதா பட்கர் முதலியோரின் முன்னிலையில் 'கர் பச்சாவோ கர் பனாவோ' (வீட்டைக் காப்போம், வீட்டைக் கட்டுவோம்) இயக்கம் எழுந்தது. அவர்கள் பேச்சுவார்த்தைக்கு முன் மறியல் செய்தார்கள். இந்த இரண்டு வழிக்காரர்களுக்கும் இடையே ஒருவரையொருவர் குறைசொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நான் இரண்டு பக்கமும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மறியலுக்குப் போன பெண்களின் கைப்பையிலும் அதே ஜெராக்ஸ் கட்டுத்தான் இருந்தது. கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். அது தலைவர் வீட்டுப் பீரோவில் பூட்டப்பட்டிருந்தால் மறியலும் பேரமாகிவிடும். தெருவில் யார் கேட்டாலும் புரட்டிப் பார்க்கலாம் என்றிருந்தால் பேச்சுவார்த்தையும் போராட்டமாகவே இருக்கும்.

கேள்வி: என் கணவர் குப்பை வண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடன் வேலை செய்தவர்கள் சிலர் நிரந்தரமாகிவிட்டார்கள். இவருக்கு மட்டும் பெயர் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சயான் கோலிவாடா

பதில்: இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தத் துயரம்தான். மும்பைத் துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளர்களின் சங்கமான கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம் பல ஆண்டுகள் வழக்காடி, 2017-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2,700 தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் உத்தரவைப் பெற்றது. தீர்ப்பு வந்த பிறகும் பலர் வாசலிலேயே நிறுத்தப்பட்டதற்குக் காரணம் எழுத்துப் பிழை. நீதிமன்றத்தில் வென்றவன் குமாஸ்தாவிடம் தோற்ற கதை அது.

நம் பெயர் முறையும் இந்த ஊர்ப் படிவமும் ஒத்துப்போவதில்லை. இங்கே தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் குமாஸ்தாவுக்குப் பொறுக்காது; சாதியைக் கேட்டு அதையே அங்கே எழுதிவிடுவார். நெல்லைச் சீமையிலிருந்து வந்த என் தகப்பனாரின் பெயர் சுடலைமுத்து. ரேஷன் அட்டையில் அது 'சுடலாய்' என்றும் 'முத்து' என்றும் இரண்டாக உடைந்து, முத்து எங்கள் குடும்பப் பெயராகிவிட்டது. என் பள்ளிச் சான்றிதழில் நான் 'முத்து' வீட்டுப் பிள்ளை. வாக்காளர் பட்டியலில் சாதிப் பெயரோடு இருப்பவன். என் அம்மா ஒரு காகிதத்தில் தன் தந்தையின் எழுத்தோடும் மற்றொன்றில் கணவன் பெயரோடும் இரண்டு பெண்களாக இருந்தார். அப்பா இறந்தபின் அவருடைய சேமநிதியை வாங்க, அந்த இரண்டு பெண்களும் ஒருத்திதான் என்று நிரூபிப்பதற்கு ஓர் அலுவலகம் எங்களை ஒன்றரை ஆண்டு அலைய விட்டது.

அந்த அலைச்சலில் கற்றதைச் சொல்கிறேன். பல ஆண்டு பழைய காகிதத்தைத் திருத்தக் கொடுக்காதீர்கள். அதன் பழமைதான் அதன் மதிப்பு, திருத்திய தேதி அதில் ஏறிவிட்டால் சான்று பலவீனமாகிவிடும். பெரும்பாலான காகிதங்களில் எந்த எழுத்துக்கூட்டு இருக்கிறதோ அதை நிலையான பெயராக வைத்துக்கொண்டு, எந்தெந்தக் காகிதத்தில் எந்தெந்த வடிவம் இருக்கிறது என்று வரிசையாகக் குறிப்பிட்டு, இவை அனைத்தும் ஒரே ஆளின் பெயர்கள் என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் எழுதுங்கள். அது போதாது என்றால் மாநில அரசிதழில் பெயர் அறிவிப்புச் செய்யலாம். கூடவே ஒரு மனுவில், எந்தக் காகிதத்தின் எந்த எழுத்துக்காக நிராகரித்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வாய்ச்சொல்லாகத் திருப்பி அனுப்பியதற்கு மேல்முறையீடு செய்ய முடியாது. உங்கள் கணவர் தனியாகப் போகாமல், அதே காரணத்துக்காக நிற்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சங்கத்தின் வழியாகப் போகட்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பழைய துணி, போர்வை சேகரித்துத் தாராவியில் கொடுக்க விரும்புகிறோம். பிள்ளைகளையும் அழைத்துப்போய் ஏழைகளின் வாழ்க்கையைக் காட்டலாமா?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: துணியைக் கொடுங்கள், துவைத்துக் கொடுங்கள். காட்டுவதற்கு அழைத்துப்போக வேண்டாம். தோலும் மண்பாண்டமும் தையலும் இட்லிமாவும் என்று நகரத்துக்கு உழைத்துக் கொடுக்கும் இடம் தாராவி. அங்கே பிள்ளைகள் பார்க்க வேண்டியது வறுமையை என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டா என்பதை உங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் பேசினால், அது போர்வையைக் காட்டிலும் நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: சைக்கிளில் இட்லி விற்கிறேன். முனிசிபாலிட்டி வண்டி வந்தால் பாத்திரத்தோடு தூக்கிப்போய்விடுகிறார்கள். எங்களுக்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகர், ஆண்டாப் ஹில்

பதில்: இருக்கிறது. தெரு வணிகர் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. கணக்கெடுப்பை முடித்துச் சான்றிதழ் வழங்கும் வரை எந்த வணிகரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளாக இருந்தால் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், பாத்திரம் போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். நகர விற்பனைக் குழுவில் பத்தில் நால்வர் வணிகர்களாகவும், அந்த வணிகர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. மும்பையில் இதெல்லாம் ஏட்டில் இருக்கும் அளவுக்குத் தெருவில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எனினும் நீங்கள் கட்டிய அபராத ரசீது, அதாவது 'பாவ்தி', ஒன்றையும் கிழித்துப் போடாதீர்கள். தண்டனையாக நினைத்துக் கட்டிய அந்தச் சீட்டுத்தான், இந்தத் தேதியில் இந்த இடத்தில் நீங்கள் வியாபாரம் செய்தீர்கள் என்பதற்கு மாநகராட்சியே கொடுத்த சான்று.

கேள்வி: எங்கள் பகுதி 2000-க்குப் பிறகு வந்தது என்று குழாய் தர மறுக்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகி, கோவண்டி

பதில்: சரியன்று. பாணி ஹக் சமிதி என்ற தண்ணீர் உரிமைக் குழு தொடுத்த வழக்கில், குடிசை எந்த ஆண்டு வந்தது என்பதைக் காரணம் காட்டிக் குடிநீரை மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2022-ல் மாநகராட்சியும் 'அனைவருக்கும் தண்ணீர்' என்று கொள்கை அறிவித்தது. தண்ணீர் கொடுப்பதால் நிலத்தில் உரிமை வந்துவிடாது என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பதால், அதிகாரிகள் தயங்கக் காரணமில்லை. தனித்தனியாகக் கேட்காமல் சந்து முழுவதும் சேர்ந்து விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். முழங்கால் வலியால் ஊர்வலத்துக்கெல்லாம் வர முடியாது. மராத்தி நன்றாக எழுதப் படிக்க வரும். என்னால் ஏதாவது பயன் உண்டா?
– ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: ஊர்வலத்துக்கு ஆள் கிடைப்பார்கள் டீச்சர், நோட்டீஸ் படிக்கத்தான் ஆள் இல்லை. அரசு அறிவிப்புகள் மராத்தியில், நெருக்கமான எழுத்தில், பதினைந்து நாளோ முப்பது நாளோ கெடு வைத்து வருகின்றன. தமிழ் மட்டும் படித்தவர்களும் ஒன்றுமே படிக்காதவர்களும் அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மகன் வந்ததும் காட்டலாம் என்று இருப்பார்கள். மகன் பார்ப்பதற்குள் கெடு முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். வருபவருக்கு முதலில் கெடு தேதியைத் தமிழில் நோட்டீஸின் மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள், பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். மனு எழுத வேண்டியிருந்தால் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே முதலில் தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே மராத்தியில் எழுதுங்கள். இரண்டு பேனாவாக எடுத்துப் போங்கள். ஒன்றை யாராவது கையெழுத்துப் போட வாங்கி, அப்படியே கொண்டுபோய்விடுவார்கள்.